பிரிவு எண்ணை முழுமையாக எழுதுவது எப்படி? குற்ற வழக்கு ஆவணங்களுக்கு ஓர் அடிப்படை விளக்கம்

ஒரு சிறை வாரண்டில் ‘பிரிவு 109’ என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 109 என்பது குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்கான தண்டனைப் பிரிவு. பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே 109 கொலை முயற்சி. 1973-ஆம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 109 குற்றமே அல்ல. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மறைந்து திரிபவரிடம் நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் பிரிவு. வாரண்டைக் கையில் வாங்கும் சிறை அலுவலர் இவற்றில் எதை எடுத்துக்கொள்வார்?

2024 ஜூலை 1-க்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பெரிய அவசியம் இருக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்தது. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும். சட்டத்தின் பெயரை எழுதாமல் விட்டாலும் படிக்கிறவர் புரிந்துகொண்டார். அந்தப் பழக்கம்தான் இன்று தொல்லை தருகிறது. 2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தன: தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதிநியம். அதோடு எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. ஆனால் பழைய எண்கள் ஒழிந்துபோகவில்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களின் விசாரணையும் மேல்முறையீடுகளும் முடியும் வரை இரண்டு சட்டங்களும் ஒரே நீதிமன்றத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்த கட்டுகளில் வந்துகொண்டுதான் இருக்கும்.

இளம் வழக்கறிஞர்கள், நீதிமன்ற எழுத்தர்கள், காவல் நிலைய எழுத்தர்கள், சட்டம் படிக்கும் மாணவர்கள், நீதிமன்றச் செய்தி எழுதுவோர் ஆகியோரை மனதில் வைத்து இந்த விளக்கம் எழுதப்படுகிறது. ஒரு சிறு குறிப்பு: சட்ட நூல்களில் ஆங்கில எழுத்திலும் ரோமன் எண்ணிலும் வரும் உட்பிரிவுகளை இங்கே தமிழ் எழுத்திலும் சாதாரண எண்ணிலும் தருகிறோம். ஆவணத்தில் எழுதும்போது சட்டத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

எந்தச் சட்டம் என்பதைத் தீர்மானிப்பது குற்றம் நடந்த தேதி

புகார் கொடுத்த தேதியோ, கைது செய்த தேதியோ, தீர்ப்பு சொல்லும் தேதியோ அல்ல. செயல் நடந்தபோது எந்தச் சட்டம் அமலில் இருந்ததோ அந்தச் சட்டப்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும் என்பது அரசியலமைப்பின் 20(1)-ஆவது உறுப்பு தரும் காப்பு. அன்றைய சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதல் தண்டனையும் தர முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 358-ஆவது பிரிவு பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, அதன்கீழ் ஏற்கெனவே உண்டான பொறுப்புகளையும் தண்டனைகளையும் காப்பாற்றி வைக்கிறது.

நடைமுறைச் சட்டத்தின் கதை வேறு. 2024 ஜூன் 28 இரவு ஓர் அடிதடி நடக்கிறது. ஜூலை 3 அன்று புகார் வருகிறது. முதல் தகவல் அறிக்கை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்கீழ் பதிவாகும். ஆனால் குற்றப் பிரிவுகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளாகவே இருக்கும். ஒரே தாளில் புதிய நடைமுறைச் சட்டமும் பழைய தண்டனைச் சட்டமும் சேர்ந்து வருவதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து ‘திருத்தி’ விடுகிறவர்கள் உண்டு. அது பிழை அல்ல. ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த புலன்விசாரணையும் வழக்கு விசாரணையும் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 531-ஆவது பிரிவு சொல்கிறது.

தொடர்ந்து நடக்கும் குற்றங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2022 முதல் 2024 செப்டம்பர் வரை மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் புகார் என்றால், 2024 ஜூன் 30 வரையிலான செயல்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ. ஜூலை 1 முதலான செயல்களுக்கு நியாய சன்ஹிதா 85. காலத்தைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டையும் ஒரே காற்புள்ளி வரிசையில் கோத்துவிட்டால் எந்தச் செயலுக்கு எது என்று பின்னால் யாராலும் பிரிக்க முடியாது.

பெயர், ஆண்டு, சுருக்கம்

சட்டத்தின் பெயரோடு ஆண்டும் வேண்டும். இந்திய தண்டனைச் சட்டம் 1860-ஆம் ஆண்டின் 45-ஆவது சட்டம். பாரதிய நியாய சன்ஹிதா 2023-ஆம் ஆண்டின் 45-ஆவது சட்டம். ஆண்டை விட்டுவிட்டு ‘சட்ட எண் 45’ என்று எழுதினால் இரண்டையும் குறிக்கும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 46, சாக்ஷிய அதிநியம் 47.

தமிழில் சுருக்கங்கள் இன்னும் ஒரு வழிக்கு வரவில்லை. பழைய சட்டத்துக்கே இ.த.ச., இ.பி.கோ., ஐ.பி.சி. என்று மூன்று வழக்கு உண்டு. புதியதை பா.நி.ச. என்று எழுதுகிறவர்களும் பி.என்.எஸ். என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் சரி, முதல் முறை முழுப்பெயரும் ஆண்டும், அதற்கு அடுத்து இனி இந்தச் சுருக்கம் என்ற குறிப்பும், அதன்பின் ஆவணம் முடியும் வரை அந்த ஒரே சுருக்கமும் இருக்க வேண்டும்.

நியாய சன்ஹிதாவின் சுருக்கமான பி.என்.எஸ்., நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் சுருக்கமான பி.என்.எஸ்.எஸ். இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தட்டச்சில் மிக எளிதாக விழும் எழுத்து அது. விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 351-ஐப் பாருங்கள். பி.என்.எஸ்.எஸ். 351 என்பது சாட்சிகள் முடிந்ததும் எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) கேள்வி கேட்கும் பிரிவு, அதாவது பழைய 313. பி.என்.எஸ். 351 என்பது குற்றமுறு மிரட்டல். நம் ஊர் அடிதடி வழக்குகளில் மிரட்டல் குற்றச்சாட்டு இல்லாதது அபூர்வம் என்பதால், ஒரே தீர்ப்பில் இரண்டு 351-களும் வரும். இதைத் தவிர்க்க, நடைமுறைச் சட்டத்தைச் சுருக்காமல் ‘நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ என்றே எழுதுவது நல்லது. சில எழுத்துகள் கூடினாலும் குழப்பம் அடியோடு போய்விடும்.

இதே போன்ற மோதல்கள் இன்னும் பல. பழைய நடைமுறைச் சட்டத்தில் 173 இறுதி அறிக்கை. புதியதில் 173 முதல் தகவல் அறிக்கை. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய 482 முன்ஜாமீன். பழைய 144 தடை உத்தரவு. புதிய 144 மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். தண்டனைச் சட்டத்தில் 324 ஆயுதத்தால் காயம் விளைவித்தல். நியாய சன்ஹிதாவில் 324 சொத்துக்குச் சேதம் விளைவித்தல். பழைய 307 கொலை முயற்சி. புதிய 307 தாக்குதலுக்குத் தயாராகச் சென்று திருடுவது.

தண்டிக்கும் இடம் வரை இறங்கி எழுதுங்கள்

பழைய சட்டத்தில் பெரும்பாலும் குற்றத்தின் விளக்கம் ஒரு பிரிவிலும் தண்டனை வேறொரு பிரிவிலும் இருக்கும். திருட்டு என்றால் என்ன என்பது 378, அதற்குத் தண்டனை 379. கொலைக்கு 300, 302. புதிய சட்டம் பல இடங்களில் இரண்டையும் ஒரே பிரிவுக்குள் கொண்டுவந்து உட்பிரிவுகளாக வைத்துவிட்டது. திருட்டின் விளக்கம் 303(1), தண்டனை 303(2). சாதாரணக் காயம் விளைவிப்பதன் விளக்கம் 115(1), தண்டனை 115(2). ஆகவே பழைய சட்டத்தில் வெறும் பிரிவு எண் போதுமானதாக இருந்த இடங்களில் இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் உயிர்நாடி.

மோசடியில் இது நன்றாகத் தெரியும். 318(2) என்றால் மூன்று ஆண்டு வரை சிறை. 318(4) என்றால் ஏழு ஆண்டு வரை. பழைய 420 இதுதான். ‘318 பி.என்.எஸ்.’ என்று மட்டும் எழுதிய குற்றச்சாட்டில் எதிரி எந்தக் குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே தெளிவில்லை. மிரட்டலிலும் அப்படியே: 351(2) இரண்டு ஆண்டு வரை, 351(3) கொலை மிரட்டல் போன்றவற்றுக்கு ஏழு ஆண்டு வரை. பழைய 506-இல் இந்த இரண்டுக்கும் சட்டத்தில் எண்ணே கிடையாது. 506(1), 506(2) என்று நாம் எழுதியது நீதிமன்ற வழக்கம். புதிய சட்டம் எண் கொடுத்துவிட்டதால் இனி வழக்கத்தை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் ஓர் இடத்தில் பழைய குறை அப்படியே தொடர்கிறது. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105-ஆவது பிரிவில், நோக்கத்தோடு செய்ததற்கும் அறிந்தே செய்ததற்கும் தனித்தனி தண்டனை உண்டு. உட்பிரிவு எண் இல்லை. பழைய 304-க்கு எழுதியதுபோல ‘105, முதல் பகுதி’ அல்லது ‘105, இரண்டாம் பகுதி’ என்று எழுதியே ஆக வேண்டும். முதல் பகுதியில் ஆயுள் தண்டனை வரை போகலாம், அல்லது ஐந்துக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறை. இரண்டாம் பகுதியில் பத்து ஆண்டு வரைதான், குறைந்தபட்சம் இல்லை.

விதிவிலக்குக் கூறுகளையும் விடக்கூடாது. 303(2)-இல், திருடிய பொருள் ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை என்று ஒரு வரம்புரை இருக்கிறது. அதன்கீழ் தண்டித்திருந்தால் ‘303(2), வரம்புரை’ என்று பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு வரை தண்டிக்கக்கூடிய பிரிவில் ஏன் சிறையே இல்லை என்ற கேள்வி மேல்முறையீட்டில் எழும்.

ஒப்பீட்டு அட்டவணையை எங்கே நம்பலாம்?

பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் போட்ட அட்டவணைகள் நிறையக் கிடைக்கின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சங்கலன் செயலியிலும் உண்டு. எங்கே தேடுவது என்று காட்ட அவை உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்தாத இடங்கள் பல. பழைய 427-க்கு ஐம்பது ரூபாய்ச் சேதம் போதும். புதிய சட்டத்தில் சேதத்தின் மதிப்பைப் பார்க்க வேண்டும்: இருபதாயிரம் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் 324(4), ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 324(5), இருபதாயிரத்துக்குக் கீழே என்றால் பொதுவாக 324(2). கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு 427-க்கு நேரே 324(4) என்று எழுதுகிறவர், உடைந்த கண்ணாடியின் மதிப்பைக் கேட்காமலேயே குற்றத்தைத் தீர்மானித்துவிடுகிறார். பழைய 377-க்குப் புதிய சட்டத்தில் இணையே இல்லை. பறிப்புக்கான 304-க்கும் அமைப்புசார் குற்றத்துக்கான 111-க்கும் பழைய சட்டத்தில் இணை இல்லை.

அடைப்புக்குறிக்குள் ‘பழைய 302’ என்று போடுவது வாதத்திலும் செய்தியிலும் உதவும். குற்றச்சாட்டிலும் தண்டனைப் பகுதியிலும் அது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே இரண்டு எண்கள் இருந்தால், பின்னால் கணினியில் ஏற்றுகிறவர் இரண்டையும் ஏற்றிவிடுவார்.

சிறப்புச் சட்டங்களில் ஓர் எழுத்து என்ன செய்யும்

கஞ்சா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985-இல் பிரிவு 8(சி) உடன் இணைந்த 20(பி)(2) வரை எழுதி நிறுத்தினால் தண்டனையே தெரியாது. அதற்கடுத்த எழுத்துதான் அளவைச் சொல்கிறது. கஞ்சாவுக்குச் சிறு அளவு ஒரு கிலோ, வணிக அளவு இருபது கிலோ. (ஏ) என்றால் சிறு அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (பி) இடைப்பட்ட அளவு: பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். (சி) வணிக அளவு: பத்துக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சத்துக்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரை அபராதம். 37-ஆவது பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனையும் வணிக அளவுக்கு வரும். இந்தக் கடைசி எழுத்து சட்டத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். 20(பி)-யில் வருவது சிறிய எழுத்து. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் படிக்கிறவர் தடுமாறுவார்.

போக்சோ சட்டத்தின் 5-ஆவது பிரிவில் ஒரே குழந்தையிடம் திரும்பத் திரும்பச் செய்யும் குற்றத்தைக் குறிக்கும் கூறு ஆங்கிலச் சிறிய ‘எல்’. அச்சில் அது ஒன்று என்ற எண் போலவே இருக்கும். 5(1) என்று ஏறிவிட்ட பதிவுகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. 5-ஆவது பிரிவில் எழுத்துக் கூறுகள் மட்டும்தான் உண்டு. தமிழில் ‘5(எல்) உடன் இணைந்த 6’ என்று எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. இந்தச் சட்டத்தில் தேதியும் முக்கியம். 2019 ஆகஸ்ட் 16 முதல் அமலான திருத்தத்தில் 6-ஆவது பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை பத்திலிருந்து இருபது ஆண்டாக உயர்ந்தது. பிரிவு எண் மாறவில்லை. அதனால் ‘2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பிருந்தபடி’ என்றோ ‘திருத்தப்பட்டபடி’ என்றோ சேர்த்து எழுத வேண்டும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இல் எண்களே மாறின. 2016 ஜனவரி 26-க்கு முன் பொதுவெளியில் அவமதிப்பது 3(1)-இன் ரோமன் பத்தாவது கூறு. அதன்பின் அது (ஆர்). சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது (எஸ்). இன்னொன்று இன்னும் ஆபத்தானது. 3(2)(5)-இன்கீழ் ஆயுள் தண்டனை. அதற்கு அடுத்துச் சேர்க்கப்பட்ட 3(2)(5ஏ)-இன்கீழ், அட்டவணையில் கண்ட குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம் தரும் அதே தண்டனை. ‘ஏ’ விழுந்துவிட்டால் ஆயுள்.

பிரிவை ஆளோடு இணையுங்கள்

‘எதிரிகள் 1 முதல் 4 வரை: 296(பி), 115(2), 118(1), 351(3), 3(5)’ என்று ஒரே வரிசையில் கோப்பது முதல் தகவல் அறிக்கையில் பொறுத்துக்கொள்ளலாம், யார் என்ன செய்தார் என்பது அப்போது முழுவதும் தெரிந்திராது. குற்றச்சாட்டு வனையும்போதும் தண்டிக்கும்போதும் அதை ஏற்கவே முடியாது. அரிவாளால் வெட்டியவர் முதல் எதிரி, மற்றவர்கள் பொது எண்ணத்தோடு உடனிருந்தார்கள் என்றால், முதல் எதிரிக்கு 118(1). மற்றவர்களுக்கு 118(1) உடன் இணைந்த 3(5). பழைய 34-க்கு இணையான இந்த 3(5) தனிக் குற்றம் அல்ல, தனித் தண்டனையும் கிடையாது. ஆகவே அது காற்புள்ளிக்குப் பின் தனியாக நிற்கக்கூடாது. எந்தக் குற்றத்தோடு சேர்கிறதோ அதனோடு ஒட்டியே வர வேண்டும். சட்டவிரோதக் கூட்டத்துக்கான பழைய 149, புதிய 190, இதற்கும் அதே முறை.

தீர்ப்பின் முடிவில் ஒவ்வோர் எதிரிக்கும் ஒவ்வொரு குற்றத்துக்கும் தனி வரி வேண்டும். இப்படி:

‘1-ஆம் எதிரி, பாரதிய நியாய சன்ஹிதா, 2023, பிரிவு 118(1)-இன்கீழ் குற்றவாளி எனத் தீர்மானித்து, ஓராண்டு கடுங்காவல் சிறைத்தண்டனையும் ரூ.5,000 அபராதமும், அபராதம் செலுத்தத் தவறினால் மேலும் ஒரு மாத மெய்க்காவல் சிறைத்தண்டனையும் விதிக்கப்படுகிறது. 1-ஆம் எதிரி, பிரிவு 351(3)-இன்கீழான குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்யப்படுகிறார்.’

விடுதலையான பிரிவையும் எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எந்தக் குற்றத்துக்காக, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் தண்டிக்கப்படுகிறார், விடுதலை என்றால் எந்தக் குற்றத்திலிருந்து என்பதைத் தீர்ப்பு குறிப்பிட வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 393-ஆவது பிரிவு, பழைய 354, கட்டளையிடுகிறது. குற்றச்சாட்டில் சட்டமும் பிரிவும் இருக்க வேண்டும் என்று 234(4) சொல்கிறது. தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிப்பதா, அடுத்தடுத்தா என்பதையும் 25-ஆவது பிரிவின்படி சொல்லியாக வேண்டும். விசாரணைக் காலச் சிறைவாசத்தைக் கழிப்பதற்கான பிரிவு 468.

எழுதியது எங்கெல்லாம் போகிறது

முதல் தகவல் அறிக்கை, இறுதி அறிக்கை, குற்றச்சாட்டு, தீர்ப்பு, சிறை வாரண்டு என்ற ஐந்து தாள்களிலும் ஒரே பிரிவுக் குறிப்பு ஒரே வடிவில் வர வேண்டும். இடையில் பிரிவு மாறினால், மாற்றிய அறிக்கையின் அல்லது உத்தரவின் தேதியோடு மாற வேண்டும். காவல் நிலையத்தின் சி.சி.டி.என்.எஸ்., நீதிமன்றத்தின் சி.ஐ.எஸ்., சிறைத்துறையின் பதிவு ஆகியவை ஐ.சி.ஜே.எஸ். என்ற இணைப்பின் வழியே தகவல் பரிமாறிக்கொள்கின்றன. ஓரிடத்தில் ‘118-1’, இன்னோரிடத்தில் ‘118(1)’, வேறோரிடத்தில் ‘118’ என்று இருந்தால் கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு சங்கதிகள். ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அதிகத் தண்டனைக்குரியதை மட்டும் எண்ணுவது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் முறை. உட்பிரிவு தவறினால் வழக்கு வேறு கணக்கில் போய்ச் சேரும்.

சிறையில் இதன் பாரம் ஓர் ஆளின் மேல் விழுகிறது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டு சிறைவாசம் முடியுமுன் தண்டனைக் குறைப்பின்கீழ் விடுவிக்க முடியாது. இது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 475, பழைய 433ஏ. கொலைக்கான நியாய சன்ஹிதா 103(1)-இல் ஆயுள் பெற்றவருக்கு இந்தத் தடை உண்டு. 105, முதல் பகுதியில் ஆயுள் பெற்றவருக்கு இல்லை. வாரண்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் சிறை அலுவலகம் கணக்குப் போடும். தீர்ப்பு முழுவதையும் புரட்டிப் பார்க்கும் நேரம் அங்கே பல நாள் இருக்காது.

தவறு நேர்ந்துவிட்டால்

பிரிவு எண்ணைத் தவறாக எழுதியதாலேயே வழக்கு விழுந்துவிடாது. குற்றச்சாட்டில் பிழை இருந்தாலும், அதனால் எதிரி உண்மையாகவே தவறாக வழிநடத்தப்பட்டு நீதி தவறியிருந்தால் மட்டுமே அது பொருட்படுத்தத்தக்கது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டில் 510, 511 அதையே பின்பற்றுகின்றன. இதைக் காரணம் காட்டி மெத்தனமாக இருப்பதை ஏற்க முடியாது. தண்டனை நிலைத்தாலும், அந்த எண் சரியாகும் வரை ஜாமீன் மனுவும் தண்டனைக் குறைப்பும் தடுமாறும்.

தீர்ப்புக்கு முன் கண்டுபிடித்தால் 239-இன்கீழ் குற்றச்சாட்டைத் திருத்தலாம். திருத்தியதை எதிரிக்குப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். கையெழுத்தான பின் என்றால் 403-ஆவது பிரிவு எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் மட்டும் திருத்த அனுமதிக்கிறது. 118(1) என்று குற்றச்சாட்டிலும் தீர்ப்பின் உடலிலும் இருந்து, முடிவில் 181(1) என்று விழுந்திருந்தால் அது எழுத்துப் பிழை. 105-இன் எந்தப் பகுதி என்று தீர்ப்பில் எங்குமே சொல்லாமல் விட்டிருந்தால் அதை எழுத்துப் பிழை என்று நிரப்பிவிட முடியாது, மேல்முறையீடுதான் வழி. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாக உடனே தர வேண்டும் என்பது 404-ஆவது பிரிவு. அந்த நகல் கைக்கு வந்த அன்றே, அவருடைய வழக்கறிஞர் கடைசிப் பக்கத்தையும் வாரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு, உட்பிரிவு, எதிரி எண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட வேண்டும்.